நாலு பேரும் விட்டுக்கொடுத்த பாட்டு

என் கல்யாணத்தில் மைக் செட் காலை வாரிய கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அது கிடக்கட்டும், உங்க கடைசி ஆல்பத்துல என்னதான் நடந்துச்சு?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். இத்தனை வாரமாக நான் இதைத் தட்டிக் கழித்துக்கொண்டே வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்த போன்

மதியச் சாப்பாட்டு நேரம். சேலையூரில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியின் ஸ்டாஃப் ரூம். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் மேசைமேல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சிவப்புப் பேனா, இன்னொரு கையில் ஸ்பூன். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்திக்கொண்டே எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அரைத் தூக்கம் வேறு.

போன் அடித்தது. சேகர் அண்ணா. குரோம்பேட்டையில் நாங்கள் பாடும் ஸ்டூடியோவின் ரெக்கார்டிங் இன்ஜினியர். முதல் கேசட்டிலிருந்து எங்கள் குடும்பத்தின் குரலைப் பிடித்து வைத்தவர் அவர்தான்.

"இன்னாம்மா ஹெலன், சாப்ட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேண்ணா. சொல்லுங்க."

"ஒரே பேஜாராப் பூட்ச்சும்மா. டைட்டில் பாட்டு கீதே, அதுல மெயின் டியூனைக் காணோம்."

"காணோம்னா? அழிஞ்சுபோச்சா?"

"அழியறதுக்கு இருந்தாத்தானே? நாலு பேரும் வந்தீங்க, பாடினீங்க, போய்கினே இருந்தீங்க. இப்ப நாலையும் ஒண்ணாப் போட்டுக் கேக்கறேன். மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்னு சுத்திச் சுத்திப் பாடிகினு கீறீங்க. நடுவுல பாட்டைக் காணோம்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"பியூலா பாடலையா?" என்று கேட்டேன்.

"அத்தத்தான் நானும் கேக்கறேன். நீ பாடலியா?"

நல்லவேளையாக மணி அடித்தது. பத்தாம் வகுப்புக்குப் போய் எந்தக் கணக்கைப் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

கேட் மூடியிருக்கும்போது

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவின் பெயர் 'லெவல் கிராஸிங்'. ஒரு காலத்தில் எங்கள் கேசட்டை வாங்கியவர்களுக்கெல்லாம் இப்போது பிள்ளைகள் காலேஜ் போய்க்கொண்டிருப்பார்கள். குழு என்றால் பெரிய குழு இல்லை, எங்கள் குடும்பம்தான். அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த அப்பா. டேவிட் அண்ணா. நடுவில் நான். எனக்கு ஏழு வருஷம் இளையவள், தங்கை பியூலா. அம்மா பாடமாட்டார்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் அப்போது ஒரு ரயில்வே கேட் இருந்தது. இப்போது அங்கே மேம்பாலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் பழைய காரில் கிளம்பினால் அந்த கேட் எங்களுக்காகவே மூடும். பின் சீட்டில் நாங்கள் மூவர். ஜன்னல் வழியே சூடான தூசி வாசனை, பக்கத்து ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் வாசனை, அம்மாவின் தலையிலிருந்து மல்லிகை. அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தட்ட ஆரம்பிப்பார். அண்ணா அதற்கு ஒரு மெட்டு முனகுவான். அவ்வளவுதான், தொடங்கிவிடும்.

பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் முதல் ரசிகர்கள் அவர்கள்தான். ரயில் போனதும் அம்மா, "போதும், கேட் தெறந்தாச்சு, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க" என்பார். பாதியில் நிற்கும். அதனாலேயே எங்கள் ஆரம்ப காலப் பாட்டுகள் எல்லாமே குட்டிக் குட்டியாக இருக்கும். கேட் மூடித் திறக்கிற நேரம்தான் எங்களுக்குத் தெரிந்த அளவு.

சர்ச்சில் நாலு குரல் பாட்டு கற்றிருந்தோம். ஒருவர் மெட்டைப் பாடுவார். மற்ற மூவரும் அதே வார்த்தைகளை அதற்கு மேலேயும் கீழேயும் வேறு சுரத்தில் பாடித் தாங்கிப் பிடிப்பார்கள். மெட்டுதான் பாட்டு. மற்றதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு மின்சார ரயில், மழை, பூரி மசால் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பாடினோம். வார்த்தை அப்பாவுடையது, மெட்டு அண்ணாவுடையது. ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் எங்களைக் கேட்ட ஒருவர் கேசட் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்குக் 'கம்பெனி' என்றுதான் பெயர். அப்பாவின் ஆபீசை ஆபீஸ் என்று சொல்வது மாதிரி.

அரையடி

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. "இந்தப் பாட்டை நீ பாடு" என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. "நான் பாடறேன்" என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஸ்டூடியோவில் ஒரே மைக். அதைச் சுற்றி அரைவட்டமாக நிற்போம். யார் மெட்டைப் பாடப்போகிறாரோ அவர் அரையடி முன்னால் வருவார். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. சேகர் அண்ணாவும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார், வாயைத் திறந்து கேட்கமாட்டார். அப்பா மட்டும் ஒருநாளும் முன்னால் வந்ததில்லை. கதவோரமாக நிறுத்தினால்கூட அவர் குரல் தெருவரை கேட்கும்.

முதல் ஐந்தாறு கேசட்டில் அந்த அரையடி என்னுடையது. ஏன், எப்படி என்று கேட்டால் தெரியாது. நான் முன்னால் வருவேன், அவர்கள் நிற்பார்கள். பியூலா அப்போது சின்னப் பெண். மைக் எட்டாது என்று ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நிற்க வைப்போம். பாடும்போது அவள் மூச்சு என் முழங்கைமேல் படும்.

பிறகு அவளுக்குப் பலகை தேவைப்படவில்லை. ஒரு நாள், ஒரு பாட்டுக்கு, அவள் முன்னால் வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இருந்த இடத்திலேயே நின்றேன். நன்றாகத்தான் பாடினாள். பிறகு இரண்டு பாட்டு, பிறகு மூன்று.

ஒருமுறை ஒரே பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேருமே முன்னால் வந்துவிட்டோம். தோளும் தோளும் இடித்தது, ஸ்டாண்ட் சாய்ந்தது, மைக் வந்து என் முன்பல்லில் 'டொக்'கென்று அடித்தது. அந்த 'டொக்' நன்றாகவே ரெக்கார்ட் ஆனது.

"யம்மா, நீ பல்லு கீதான்னு பாத்துக்க. மைக் கீதான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் சேகர் அண்ணா.

அப்பாவும் அண்ணாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. "நீயே பாடுக்கா" என்று அவள் சொல்லியிருக்கலாம். "நீ பாடுடி" என்று நான் சொல்லியிருக்கலாம். எங்களுக்குத்தான் அந்த வழக்கமே கிடையாதே. அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்தே எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் மெலிந்துபோனது.

பாதி குடித்த காபி

இப்போது கடைசி ஆல்பத்துக்கு வருகிறேன். கேசட் போய், சிடி போய், எல்லாம் போனுக்குள் போன பிறகு வந்த ஆல்பம். காண்ட்ராக்டில் பாக்கி இருந்தது அது ஒன்றுதான். எல்லோருக்கும் வயது ஏறிவிட்டது. அண்ணா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பியூலா கல்யாணமாகிக் கோவளத்தில் இருந்தாள். அங்கே ஒரு பள்ளியில் மியூசிக் டீச்சர். அம்மா காலமான பிறகு அப்பா மட்டும் தாம்பரத்தில், அதே பழைய வீட்டில்.

ஒரு சாயங்காலம் ஏழாவது பாட்டு முடிந்து ஸ்டூடியோ மொட்டைமாடிக்கு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் திருநீர்மலை தெரியும். வெயில் இறங்குகிற நேரத்தில் மலை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது போல இருக்கும். கம்பெனியிலிருந்து எங்கள் ஆல்பத்தைப் பார்த்துக்கொள்ள வந்த விவேக் என்கிற இளைஞர் இரண்டு காபியோடு மேலே வந்தார். மரியாதையான பிள்ளை. அதனால்தான் திட்டக்கூட முடியவில்லை.

"மேடம், உங்ககிட்ட ஓப்பனா ஒண்ணு சொல்லலாமா? கம்பெனி இனிமே குரூப்ஸ் பண்றதில்லைன்னு டிசைட் பண்ணிட்டாங்க. இந்த ஆல்பத்தோட முடியுது. ரெனியூ பண்ணமாட்டாங்க."

"சரி" என்றேன். எதிர்பார்த்ததுதான்.

"ஆனா பியூலா மேடத்தை மட்டும் தனியா சைன் பண்ணணும்னு ஆசைப்படறாங்க. சோலோ ஆல்பம். நான் நேராக் கேட்டா ஃபேமிலி, குரூப்னு தயங்குவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்களே சொல்லிடறீங்களா?"

"அதுக்கென்ன, சொல்றேன்" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

சொல்லவில்லை.

இருபது நாள் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வாள். பின்னணியில் மீன் ஏலம் விடும் சத்தமும் பஸ் ஹாரனும் கேட்கும். வஞ்சிரம் மீன் என்ன விலை, பிள்ளைக்குச் சளி விட்டதா, அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா, எல்லாம் பேசுவோம். நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். ஆல்பம் முடியட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவள் மனசு அலைபாயக் கூடாது பாருங்கள்! என்ன ஒரு அக்கறை!

பொறாமை. வேறொன்றும் இல்லை. ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு, தான் பலகை போட்டு நிற்க வைத்த தங்கையின்மேல் பொறாமை. ராத்திரி ஜெபத்தில்கூட அதைச் சொல்லவில்லை நான். கர்த்தரிடமே மறைத்தவள் தங்கையிடமா சொல்லியிருப்பேன்?

ஆளுக்கு ஒரு நாள்

எட்டாவது பாட்டுதான் டைட்டில் பாட்டு. 'வெயிலே கொஞ்சம் தள்ளி நில்லு' என்று அப்பா எழுதியது. அண்ணா ஷிஃப்டுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து அதற்கு மெட்டுப் போட்டு, போனில் முனகி எங்கள் மூன்று பேருக்கும் அனுப்பினான். பின்னால் பஸ்ஸின் உறுமல். அதைக் கேட்டுக்கொண்டே நான் சமைத்தேன், துணி மடித்தேன், தாம்பரம் சானடோரியத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். அவன் போட்டதிலேயே இதுதான் நல்ல மெட்டு. யார் பாடினாலும் பெயர் வாங்கித் தரும் என்று கேட்ட உடனே தெரிந்தது.

இந்தப் பாட்டுக்கு விவேக் புதிய முறை ஒன்று கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே நாளில் சேர முடியவில்லை, அதனால் ஆளுக்கு ஒரு நாள் வந்து தனித்தனியாகப் பாடிவிட்டுப் போகலாம். ஒருவர் பாடியது மற்றவருக்குக் கேட்காது. காதில் கிடார் மட்டும் வரும். அப்போதுதான் ஒவ்வொரு குரலும் சுத்தமாகக் கிடைக்குமாம்.

மெட்டு யாருக்கு என்று விவேக் கேட்டாராம். "அது அவங்களுக்குள்ள பாத்துப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டாராம் சேகர் அண்ணா. அவருக்குத் தெரிந்த எங்கள் வழக்கம் அது. ஆனால் நாலு நாளில் நாலு பேர் தனித்தனியாக நின்றால், யார் அரையடி முன்னால் வந்தார் என்று யாருக்குத் தெரியும்? இது எங்கள் நாலு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

திங்கள் அப்பா, செவ்வாய் அண்ணா, புதன் நான், வியாழன் பியூலா.

அந்தப் புதன்கிழமை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பாடும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். கம்பளமும் பழைய பஞ்சும் சேர்ந்த ஒரு வாசனை மெதுவாக எழும்பும். மங்கலான மஞ்சள் விளக்கு. அந்த அறைக்குள் போனால் எனக்கு எப்போதும் பாதி தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். மேலே விமானம் போனால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் தூரத்தில் கரைவதைக் கேட்டபடி நின்றேன்.

நாலாவது விமானம் போவதற்குள் மனசு மாறிவிட்டது. அவளுக்குச் சேர வேண்டிய செய்தியை அமுக்கி வைத்திருக்கிறோமே, பாட்டையாவது விட்டுவிடுவோம். அவள் பாடட்டும், பெயர் வாங்கட்டும். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. மெட்டைத் தொடாமல், கீழ்க்குரலை மட்டும் பாடிவிட்டு வந்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, நான் எவ்வளவு பெரிய தியாகி என்று எனக்கே கண்ணில் நீர் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூட்டம்

ஸ்டாஃப் ரூமுக்கு சேகர் அண்ணாவின் போன் வந்த அந்த வாரத்தின் சனிக்கிழமை காலை நாலு பேரும் ஸ்டூடியோவில் கூடினோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சேகர் அண்ணாவின் பெரிய மேசைக்குப் பின்னால் ஒரு சோபா. அதில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம், பழைய காரின் பின் சீட்டு மாதிரி.

"இன்னா அழகாப் பாடி வச்சிருக்கீங்கன்னு கேளுங்க" என்று போட்டார்.

அழகாகத்தான் இருந்தது. அடியில் அப்பாவின் குரல் தரை மாதிரி பரந்து கிடந்தது. அதன்மேல் அண்ணா, அதன்மேல் நான், எல்லாவற்றுக்கும் மேலே எங்கேயோ பியூலா. வார்த்தைகள் எல்லாம் இருந்தன. 'வெயிலே கொஞ்சம் தள்ளி நில்லு, நான் நடந்து போகணும்.' ஆனால் கூடவே முனகலாம் என்றால் பிடிபடவில்லை. மார்கழிக் காலையில் பனிமூட்டத்துக்குள் ரயில்வே லைன் ஓரமாக நடந்துபோகிற மாதிரி இருந்தது. எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுகிறது, எதையும் தொட முடியவில்லை. ஒரு நிமிடம் நாங்கள் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. அப்பாதான் ஆரம்பித்தார்.

"பஸ்ல நாலு பேரும் எழுந்து சீட் குடுத்துட்டு நின்னுட்டா, உக்கார்றது யாருடா?"

"எனக்கு ஆசைதான்பா" என்றான் அண்ணா, தரையைப் பார்த்துக்கொண்டே. "என் மெட்டு. ஒரு தடவையாவது நானே பாடணும்னு செவ்வாக்கிழமை வரும்போது நெனச்சுட்டுதான் வந்தேன். அப்புறம், கடைசி ஆல்பமாச்சே, ஹெலன்தானே ஆரம்பிச்சா, அவளே முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவனுக்கும் அந்த ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை நான். அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடிக்கவில்லை. நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை.

"நீ ஏண்டி பாடல?" என்று பியூலாவிடம் கேட்டேன்.

"உனக்காகத்தான்கா விட்டேன்."

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

"விவேக் எனக்கு போன் பண்ணாருக்கா. போன வாரம். உன்கிட்ட எப்பவோ சொன்னதாச் சொன்னாரு. நீ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. சொல்லலைன்னா உனக்குப் பிடிக்கலைன்னுதானே அர்த்தம்? அதான் முடியாதுன்னுட்டேன்."

"என்ன முடியாது?" என்றார் அப்பா. அவருக்கும் அண்ணாவுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"தனியாப் பாடச் சொல்றாங்கப்பா, என்னை மட்டும். நான் மாட்டேன்னுட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்கன்னாரு. யோசிக்க ஒண்ணும் இல்லை. அக்காவுக்கு மனசு கஷ்டப்பட்டு எனக்கு ஒரு பாட்டு வேணாம்."

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சொல்லல, பியூலா" என்றேன். "மறந்துபோய் இல்ல. வேணும்னுதான் சொல்லல. பொறாமையா இருந்துச்சுடி."

சேகர் அண்ணா எழுந்து, டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அந்த நாகரிகம் எல்லோருக்கும் வராது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையெல்லாம் வாயைத் தெறந்து பேசறதுக்கு நம்ம வூட்ல முப்பது வருஷம் ஆகியிருக்கு" என்றார். மெட்ராஸ் ஆபீசில் கழித்த காலத்தின் 'வூடு' அவர் வாயில் கோபத்தில் மட்டும்தான் வரும். பிறகு பியூலாவைப் பார்த்து, எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார். "போய் நீ பாடு."

பொத்தான்கள்

அவள் உள்ளே போனாள். டீ வந்தது, ஆறியது. இரண்டு விமானங்கள் போகும்வரை காத்திருந்தோம். பிறகு சேகர் அண்ணா சைகை காட்ட, அவள் பாடினாள்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் நடந்து வந்தது போல மெட்டு வந்தது. அண்ணா சோபாவின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்தான். அப்பாவின் உதடு அசைந்தது. எங்கள் குரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. இப்போது நீங்கள் கேட்பது அதைத்தான். ஆல்பத்தில் நாலு பேரும் இருக்கிறோம்.

முடிந்ததும் சேகர் அண்ணா, "பியூலாம்மா குரல்ல எங்கனா பிசிறு கீதான்னு பாத்துடறேன்" என்று பின்னால் ஓட்டி, எதிரே இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். அவர் தினமும் செய்கிற வேலை. அப்பாவின் குரல் நின்றது. அண்ணாவின் குரல் நின்றது. வியாழக்கிழமை அவளே பாடியிருந்த மேல்குரல் நின்றது. கடைசியாக என்னுடையது.

நான் இல்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றும் குறையவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அவள் மெட்டைப் பாடாதபோது நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வெறும் மூட்டம். நாங்கள் இல்லாதபோது அவள் முழுப் பாட்டு. பிறகு அந்த வலியைத் தாண்டி அவள் குரல் கேட்க ஆரம்பித்தது. 'தள்ளி நில்லு' என்ற இடத்தில் ஒரு சின்ன மூச்சு விட்டாள். அவள் அங்கே மூச்சு விடுவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சில இடங்களில் குரல் மணலில் கால் வைப்பது போல லேசாகப் பதிந்து எழுந்தது. இதெல்லாம் எப்போது வந்தது? எங்கே கற்றாள்? ஒவ்வொரு பாட்டுக்கும் அவளுக்குத் தோளோடு தோள் நின்றவள் நான். என் காதில் என் குரல்தான் இருந்திருக்கிறது.

சேகர் அண்ணா பொத்தான்களைத் திரும்ப அமுக்கி எங்கள் குரல்களைக் கொண்டுவரப் போனார்.

"இருங்கண்ணா. அப்படியே இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

இரண்டாவது தடவை அழுதேன். மூக்கு ஒழுக, சத்தமாக. அண்ணா கைக்குட்டையை நீட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பியூலா பயந்துபோய் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, என்னாச்சு? நல்லா இல்லையா? வேற மாதிரி பாடட்டுமா?"

போனை எடுத்து விவேக்கைக் கூப்பிட்டேன். அவர் எடுக்கும்வரை அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, ஹெலன் பேசறேன். பியூலாகிட்ட சொல்றேன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேன் இல்ல? இருபது நாள் லேட்டு. என் தப்புதான். இப்ப சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் இருங்க, அவ பேசுவா."

போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நான் போயிட்டா நீ என்னக்கா பண்ணுவே?"

"கேப்பேன்டி" என்றேன். "இவ்வளவு நாள் பக்கத்துலயே நின்னேன், ஒரு நாள்கூட உன்னைக் கேக்கல."

அவள் போனை வாங்கிக்கொண்டாள்.